அளவீடும் கலைச்சொல்லும்: வானலைத் திறன் பெருக்கி பற்றிய தமிழ் உரைநடை – ஒரு திறனாய்வு

1. முன்னுரை

தமிழில் கலைச்சொல்லாக்கம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தனிச்சொல்லையே அலகாகக் கொண்டு நிகழ்ந்துள்ளன. ஒருபுறம் ஆங்கிலச் சொல், மறுபுறம் அதற்கு நேரான தமிழ்ச் சொல் என்னும் பட்டியல் முறை இவ்வாய்வுகளின் அடித்தளமாக அமைந்துள்ளது. சேலத்தில் 1916இல் தொடங்கிய கலைச்சொல் முயற்சி முதல் இன்றைய மின்னகராதிகள் வரை இம்முறையே தொடர்கிறது. இதனால் விளைந்த பயன் மறுக்கவியலாதது. ஆயினும், ஒரு கலைச்சொல் தகுதியுடையதா என்பதை எங்கு வைத்துச் சோதிப்பது என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. ஒலியினிமை, சொற்சுருக்கம், தூய்மை, வேர்ச்சொல் பொருத்தம் ஆகியவை அளவுகோல்களாகக் கூறப்படுகின்றன. இவை யாவும் சொல்லைத் தனியே நிறுத்திப் பார்ப்பவை.

அறிவியல் கலைச்சொல்லுக்கு உரிய சோதனைக் களம் அகராதியன்று. அளவீட்டைக் கூறும் வாக்கியமே என்பது இக்கட்டுரையின் கருத்து. இதனை நிறுவுவதற்கு, வானலை அதிர்வெண்ணில் இயங்கும் திறன் பெருக்கிகளை அளவீடுகளின் துணையால் செம்மைப்படுத்தும் துறை எடுத்துக்கொள்ளப்படுகிறது. இத்துறையில் ஏட்டுக் கணக்கு மட்டும் வடிவமைப்பை முடித்துவைப்பதில்லை. அளந்து, திருத்தி, மீண்டும் அளந்தே வடிவம் உறுதியாகிறது. எனவே, சொல்லில் நேரும் பிழை எண்ணில் வெளிப்பட்டுவிடுகிறது.

அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் கற்பிக்கத் தொடங்கியது. அத்தொடக்கத்தில் மின்னணுத் தொடர்பியல் இடம்பெறவில்லை. அத்துறையைத் தமிழில் எழுதவேண்டிய நிலை வரும்போது, பட்டியல் முறை மட்டும் போதுமா என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தல் நன்று. இக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு வாக்கியங்கள் விளக்கத்திற்காக அமைக்கப்பட்டவை. எந்த நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

2. பெருக்கியும் அதன் அளவீடும்

திறன் பெருக்கி, மின்வழங்கியிலிருந்து நேர்த்திசை மின்னோட்டமாகப் பெறும் ஆற்றலின் ஒரு பகுதியை வானலைத் திறனாக மாற்றி அலைவாங்கி நோக்கிச் செலுத்துகிறது. எஞ்சிய பகுதி வெப்பமாகிறது. கைப்பேசிக் கோபுரமாயினும் வானொலி நிலையமாயினும், இவ்வெப்பமே மின்செலவையும் குளிர்விப்புச் செலவையும் டிரான்சிஸ்டரின் ஆயுளையும் பெரிதும் முடிவுசெய்கிறது.

வடிவமைப்பாளர் முன் மூன்று அளவுகள் உள்ளன. ஒன்று, வெளியீட்டுத் திறன், இரண்டாவது, பயனுறுதிறன், மூன்றாவது, உள்ளீட்டின் வடிவம் வெளியீட்டில் குலையாதிருக்கும் தன்மை. இவை மூன்றும் டிரான்சிஸ்டரின் வெளியீட்டு முனை எதிர்கொள்ளும் சுமையைப் பொறுத்தவை. ஆகவே, சுமையைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு நிலையிலும் மூன்றையும் அளந்து, சம அளவு காட்டும் புள்ளிகளைக் கோடுகளால் இணைப்பர். இக்கோடுகளை ஃபிலிப் ஸ்மித் 1939இல் வெளியிட்ட, அவர் பெயராலேயே வழங்கும் வட்ட வரைபடத்தில் வரைவது மரபு. நிலப்படத்தில் சம உயரக் கோடுகளைக் கொண்டு மலையுச்சியைக் கண்டறிவது போல, இக்கோடுகளைக் கொண்டு உரிய சுமையைக் கண்டறியலாம். ஆங்கிலத்தில் 'லோட் புல்' எனப்படும் அளவீடு இதுவேயாகும்.

இவ்வளவீட்டைத் தானியங்கு முறையில் நிகழ்த்துவது பற்றிய கட்டுரை 1974இல் வெளிவந்தது. வெளியீட்டு முனையில் இரண்டாவது குறிகை ஒன்றைச் செலுத்தி, வேண்டிய சுமையைச் செயற்கையாகத் தோற்றுவிக்கும் முறையைத் தக்கயாமா 1976இல் விளக்கினார். இக்கோடுகளின் வடிவத்தை டிரான்சிஸ்டரின் மின்னழுத்த, மின்னோட்ட வரம்புகளிலிருந்தே கணிக்கலாம் என்பதை ஸ்டீவ் கிரிப்ஸ் 1983இல் காட்டினார். அவர் கணிப்பின்படி இவை வட்டங்கள் அல்ல. இரு வில்கள் வெட்டிக்கொள்வதால் உண்டாகும் மூடிய வடிவங்கள். அளவீட்டில் கண்ட வடிவத்திற்குக் காரணம் புலப்பட்டதும், அளவீட்டை எங்கிருந்து தொடங்குவது என்பதும் தெளிவாயிற்று.

3. 'திறன்' என்னும் சொல்லும் 'பெருக்கி' என்னும் சொல்லும்

பள்ளிப் பாடநூல் வழக்கில் ஓர் அலகு நேரத்தில் செய்யப்படும் வேலை 'திறன்' எனவும், பெற்றதற்கும் கொடுத்ததற்கும் உள்ள விகிதம் 'பயனுறுதிறன்' எனவும் வழங்குகின்றன. முன்னது வாட் என்னும் அலகால் அளக்கப்படுவது. பின்னது அலகற்ற விழுக்காடு. ஆயினும், இரண்டிற்கும் தலைச்சொல் ஒன்றே. தமிழ்த் தொகைகளில் தலைச்சொல்லே பொருளின் வகையைக் காட்டும் என்பதால், 'பயனுறுதிறன்' என்பது 'திறன்' என்பதன் ஒரு வகை என்றே கற்பவர் மனம் கொள்கிறது. மேலும், தொகையின் முற்பகுதி பேச்சிலும் சுருக்க எழுத்திலும் எளிதில் வீழ்ந்துவிடும்.

(1) இப்பெருக்கியின் திறன் 50 வாட்.
(2) இப்பெருக்கியின் திறன் 50 விழுக்காடு.

இரண்டும் இயல்பான தமிழ் வாக்கியங்கள். அலகு இருக்கும்வரை மயக்கம் இல்லை. ஆனால், 'திறன் கூடியது', 'திறன் குறைந்தது' என்று மட்டும் சொல்லும்போது மயக்கம் முழுமையடைகிறது. இத்துறையிலோ ஒன்று கூடும்போது மற்றொன்று குறைவது அன்றாட நிகழ்ச்சி. எனவே, 'சுமையை மாற்றியதும் திறன் கூடியது' என்னும் வாக்கியம் நேர்மாறான இரு முடிவுகளுக்கு இடம் தருகிறது.

இச்சிக்கல், பெருக்கிக்கே உரிய மற்றோர் அளவில் மேலும் வலுக்கிறது. வெளியீட்டுத் திறனிலிருந்து உள்ளீட்டுத் திறனைக் கழித்து, எஞ்சியதை மின்வழங்கியின் திறனால் வகுத்துப் பெறும் விகிதம் அது. ஒரு பெருக்கி 20 வாட் நேர்த்திசைத் திறனையும் 1 வாட் வானலைத் திறனையும் பெற்று 10 வாட் தருமாயின், எளிய பயனுறுதிறன் 50 விழுக்காடு; உள்ளீட்டைக் கழித்துக் கண்ட பயனுறுதிறன் 45 விழுக்காடு. இவ்வளவுக்குரிய ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'திறன் கூட்டிய பயனுறுதிறன்' என வரும். திறனைக் கூட்டியதால் உயர்ந்த விகிதம் என்றே இத்தொடர் தமிழில் பொருள்படும். உண்மையோ மாறானது; கழித்ததால் குறைந்த விகிதம் அது. 'கூடுதல் திறனுக்குரிய பயன்விகிதம்' என அமைத்தால் எது எதற்குரியது என்பதை வேற்றுமை உருபே உணர்த்திவிடும். 'விகிதம்' என்னும் தலைச்சொல் அலகற்ற தன்மையையும் காட்டும்.

'பெருக்கி' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. பள்ளி வழக்கில் நிலைபெற்றுவிட்ட இச்சொல், கணிதத்தில் மற்றோர் எண்ணால் பெருக்கும் எண்ணையும் குறிக்கும். வானலைத் துறையில் இம்மோதல் ஏட்டளவில் நிற்பதில்லை. ஒரு குறிகையின் அதிர்வெண்ணை இருமடங்காகவோ மும்மடங்காகவோ ஆக்கும் உறுப்பு ஒன்று உண்டு; அதற்கு 'அதிர்வெண் பெருக்கி' என்பதே இயல்பான பெயர். அவ்வாறாயின் 'வானலை அதிர்வெண் பெருக்கி' என்னும் தொடர், வானலை அதிர்வெண்ணில் இயங்கும் பெருக்கியா, வானலையின் அதிர்வெண்ணைப் பெருக்குவதா என்னும் ஐயத்தைத் தோற்றுவிக்கிறது. 'மிகைப்பி' என்னும் சொல் இவ்வையத்திற்கு இடம் தருவதில்லை. எனினும், பழகிய சொல் என்பதால் இக்கட்டுரை 'பெருக்கி' என்பதையே ஆள்கிறது.

குறை காணும் இடத்தில் நிறையையும் குறிப்பிடுதல் முறை. உள்ளீட்டைக் கூட்டினாலும் வெளியீடு கூடாத நிலையைப் பாடநூல் வழக்கு 'தெவிட்டு நிலை' என்கிறது. உண்டவனுக்கு மேலும் படைத்தால் ஏற்காமை போன்ற இந்நிலையை இச்சொல் விளக்கமின்றியே உணர்த்திவிடுகிறது. ஆனால், அந்நிலைக்கு முந்தைய எல்லையைக் குறிக்க '1 டெசிபெல் அமுக்கப் புள்ளி' என எழுதுவது தெளிவற்றது. எது அமுங்குகிறது என்பது அத்தொடரில் இல்லை. அப்புள்ளியில் குறைவது பெருக்கம்; வெளியீடு, நேர்விகிதப்படி இருக்கவேண்டிய அளவில் ஏறத்தாழ 79 விழுக்காடாக நின்றுவிடுகிறது. '1 டெசிபெல் பெருக்கக் குறைவுப் புள்ளி' என்பதில் அளவீட்டின் செய்தி முழுவதும் அடங்கிவிடுகிறது.

4. இழுப்பும் பொருத்தமும்

'லோட் புல்' என்பதைச் 'சுமை இழுப்பு' எனப் பெயர்த்தால் தமிழ் வாசகர் மனத்தில் எழும் காட்சி வண்டியும் மாடும் ஆகும். பாரத்தை இழுத்தல் என்னும் பொருளே அத்தொகையின் இயல்பான பொருள். இவ்வளவீட்டில் எதுவும் இழுக்கப்படுவதில்லை. அலைவியற்றி ஒன்றின் சுமை மாறும்போது அதன் அதிர்வெண் சற்று விலகிச் செல்வதை ஆங்கிலத்தில் இழுபடுதலாகக் கூறும் வழக்கு உண்டு. அங்கு அவ்வுருவகம் பொருந்துகிறது. பெருக்கியிலோ அதிர்வெண்ணைத் தருவது வெளிக்குறிகை; அது சுமையால் மாறுவதில்லை. ஆகவே, ஆங்கிலத்திலேயே பொருள் தேய்ந்த உருவகத்தைத் தமிழில் புதிதாக உயிர்ப்பித்தல் வேண்டாத செயல். செய்யப்படுவது என்ன என்று வினவினால், 'சுமையை மாற்றி அளத்தல்' என்னும் விடை கிடைக்கிறது. 'சுமைமாற்று அளவீடு' என்பது அதன் சுருக்கம். அவ்வளவீட்டில் கிடைப்பவற்றைச் 'சமத்திறன் கோடு' எனலாம். 'சம உயரக் கோடு' ஏற்கெனவே புவியியல் பாடத்தில் பழகியிருப்பதால் கற்பவர்க்குப் புதுச்சுமை இல்லை.

'பொருத்தம்' என்னும் சொல் இன்னும் ஆழமான சிக்கலை உடையது. மூலத்தின் அகத்தடைக்குச் சுமைத்தடை சமமாகும்போது சுமை பெறும் திறன் உச்சமடையும் என்னும் தேற்றம் மாணவர் மனப்பாடமாகக் கற்பது. 'பொருந்திய சுமை' என்றால் இத்தேற்றப்படி அமைந்த சுமை என்றே கொள்ளப்படுகிறது. சிறு குறிகைகளுக்கு இது சரி. திறன் பெருக்கிக்கு இத்தேற்றத்தை அப்படியே கைக்கொண்டால் விளைவு என்ன என்பதைக் கணக்கால் காணலாம்.

ஏ வகுப்பில் இயங்கும் டிரான்சிஸ்டர் ஒன்று 28 வோல்ட் மின்வழங்கியில் இயங்குகிறது. அதன் மின்னோட்ட உச்சவரம்பு 4 ஆம்பியர் எனக் கொள்வோம். உள்ளிழப்புகளை நீக்கிப் பார்த்தால், மின்னழுத்தம் 28 வோல்ட் வீச்சிலும் மின்னோட்டம் 2 ஆம்பியர் வீச்சிலும் ஊசலாடலாம். இரண்டையும் முழுமையாகப் பயன்படுத்தும் சுமை 14 ஓம். கிடைக்கும் திறன் 28 வாட். இனி, சிறு குறிகை அளவீடு அதன் வெளியீட்டுத் தடையை 100 ஓம் எனக் காட்டுவதாகவும், 'பொருத்தம்' கருதி 100 ஓம் சுமையே இணைக்கப்படுவதாகவும் கொள்வோம். மின்னழுத்தம் தன் வரம்பை முன்னதாகவே எட்டிவிடும். கிடைக்கும் திறன் 4 வாட்டுக்கும் சற்றுக் குறைவு. ஏழில் ஒரு பங்கே மிஞ்சுகிறது.

தேற்றம் பொய்யன்று. மூலத்தின் மின்னழுத்தத்திற்கும் மின்னோட்டத்திற்கும் வரம்பில்லை என்பது அதன் உள்ளுறை நிபந்தனை. பாடநூல் வாக்கியத்தில் அந்நிபந்தனை சொல்லப்படாமையால், ஒரு சூழலுக்குரிய உண்மை பொது உண்மையாகிவிட்டது. 'பொருந்து' என்னும் வினை தமிழில் 'எதனோடு' என்னும் வினாவை எழுப்பவல்லது. பெயராக்கித் தனியே நிறுத்தியதும் அவ்வினா மறைந்துவிடுகிறது. 'அகத்தடையோடு பொருத்துதல்', 'வரம்புகளோடு பொருத்துதல்' என இரண்டையும் விரித்து வேறுபடுத்தியிருப்பின் இப்பிழை நேர்ந்திராது.

5. உச்சமும் உகப்பும்

வடிவமைப்பின் குறிக்கோளைக் கூறுமிடத்தில் 'உச்சப்படுத்தல்', 'சிறப்பாக்கல்', 'உகப்பாக்கம்' ஆகியவை கையாளப்படுகின்றன. முதல் இரண்டும் இத்துறைக்குப் பொருந்தா. திறனுக்கு உச்சம் தரும் சுமையும் பயனுறுதிறனுக்கு உச்சம் தரும் சுமையும் பொதுவாக ஒன்றல்ல. முன்னதைவிடத் தடை சற்று மிகுந்த சுமையிலேயே பின்னது உச்சம் அடைகிறது. அண்டை அலைவரிசையில் கசிவு மிகக் குறைந்திருக்கும் சுமை வேறோரிடத்தில் அமையக்கூடும். அடிப்படை அதிர்வெண்ணின் இருமடங்கிலும் மும்மடங்கிலும் உள்ள சுமைகளும் முடிவை மாற்றவல்லவை. மூன்று மலைகளுக்கும் மூன்று உச்சிகள். நிற்கவேண்டிய இடமோ ஒன்று.

இவ்விடத்தில் தமிழ் இலக்கணம் வடிவமைப்பாளர்க்குத் துணைசெய்கிறது. 'உகந்த' என்னும் பெயரெச்சம் நான்காம் வேற்றுமைப் பெயரை வேண்டி நிற்பது.

(3) 14 ஓம் உகந்த சுமை.
(4) 14 ஓம் வெளியீட்டுத் திறனுக்கு உகந்த சுமை.
(5) 20 ஓம் பயனுறுதிறனுக்கு உகந்த சுமை.

(3) இலக்கணப் பிழையுடையதன்று, ஆனால், குறையுடையது. கேட்பவர் 'எதற்கு?' என வினவுவார். (4), (5) ஆகியவற்றில் அக்குறை நீங்குகிறது. ஆங்கிலத்தில் இதற்கு நேரான பெயரடை அவ்வினாவை இவ்வளவு வலுவாக எழுப்புவதில்லை. எனவே, 'உகந்த சுமை' என்பதை முடிந்த தொகையாகக் கலைச்சொல் பட்டியலில் அடைப்பதைவிட, குவ்வுருபேற்ற பெயரோடு சேர்த்தே கற்பிப்பது பயன் தரும். 'எதற்கு உகந்தது' என்பதை எழுதாத ஆசிரியர் இலக்கணத்தில் மட்டுமன்றி வடிவமைப்பிலும் ஒரு முடிவை எடுக்காமல் விட்டவராவார்.

6. நிபந்தனையும் காலமும்

எந்த அதிர்வெண்ணில், எம்மின்னழுத்தத்தில், எவ்வகைக் குறிகையைக் கொண்டு, எந்த இடத்தில் அளந்தது என்பவை இல்லாத எண் அளவீடன்று. தமிழ் வாக்கிய அமைப்பில் இவை யாவும் பயனிலைக்கு முன்னரே இடம்பெறுவன. வாசகர் எண்ணை அடையுமுன் நிபந்தனைகளைக் கடந்து வருகிறார். மொழிபெயர்ப்பு உரைநடையோ எண்ணை முதலில் கூறிவிட்டு, நிபந்தனைகளைப் பின்வரும் தனி வாக்கியத்திற்குத் தள்ளுகிறது. பல வேளைகளில் அவ்வாக்கியம் எழுதப்படுவதே இல்லை.

(6) பி வகுப்புப் பெருக்கியின் பயனுறுதிறன் 78.5 விழுக்காடு ஆகும்.
(7) பி வகுப்பில் இயங்கும் குறையற்ற பெருக்கி, மாறா வீச்சுடைய குறிகைக்கு, முழு வெளியீட்டில், 78.5 விழுக்காடு பயனுறுதிறன் தரும்.

(6) பாடநூல்களில் விரும்பப்படும் வடிவம், (7) உண்மை. இன்றைய கைப்பேசிக் குறிகைகளில் உச்சத்திறன் சராசரித் திறனைவிட 10 டெசிபெல் அளவுக்கு, அதாவது பத்து மடங்கு, மிகுந்திருக்கலாம். உச்சத்தைக் குலையாமல் காக்கவேண்டுமாயின் சராசரியைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து இயக்கவேண்டும். அந்நிலையில் அதே குறையற்ற பெருக்கியின் பயனுறுதிறன் ஏறத்தாழ 25 விழுக்காடாக வீழ்கிறது. வானொலி ஒலிபரப்பில் இவ்வீழ்ச்சியைத் தவிர்க்க வில்லியம் டோஹெர்ட்டி 1936இல் வகுத்த இரட்டைப் பெருக்கி முறை, பின்னர்க் கைப்பேசி நிலையங்களில் புத்துயிர் பெற்றமைக்குக் காரணம் இதுவே. (6)ஐ மட்டும் கற்றவர்க்கு அம்முறையின் தேவையே விளங்காது.

'ஆகும்' என்னும் முடிபும் கருதத்தக்கது. காலம் கடந்த உண்மையைக் கூற அது ஏற்றது. கோட்பாட்டு எல்லையை 'ஆகும்' என்பதும், கண்ட அளவை 'இருந்தது', 'காட்டியது' என இறந்த காலத்தில் கூறுவதும் பொருள் வேறுபாடு உடையன. அளவீட்டுக் கருவியின் அளவுத்திருத்தத்தில் அரை டெசிபெல் பிழை நேர்ந்தாலே 60 விழுக்காடாக உள்ள பயனுறுதிறன் 67 விழுக்காடாகத் தோன்றும். 'பயனுறுதிறன் 67 விழுக்காடு ஆகும்' என எழுதும்போது பெருக்கியின் இயல்பு கூறப்படுகிறது. '67 விழுக்காடு எனக் காட்டியது' என எழுதும்போது கருவியும் பொறுப்பேற்கிறது. பின்னதில் ஐயத்திற்கு இடமுண்டு. ஐயத்திற்கு இடமுள்ள இடத்தில்தான் திருத்தத்திற்கும் இடமுண்டு. கோட்பாடும் கண்டறிவும் ஒரே முடிபைப் பெறும் உரைநடை, இரண்டிற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்பவரிடமிருந்து மறைத்துவிடுகிறது.

7. மறுப்புகளும் விடைகளும்

சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு இடுகுறியே. எச்சொல்லும் பழகப் பழகப் பொருந்திவிடும் என்னும் மறுப்பு எழலாம். தனிச்சொல்லுக்கு இது பொருந்தும். ஆனால், கலைச்சொற்கள் ஒன்றோடொன்று முரணி நின்றே பொருள் தருகின்றன. 'திறன்', 'பயனுறுதிறன்' ஆகியவற்றின் சிக்கல் அவை பொருளை விளக்காமை அன்று. வேறுபட வேண்டிய இடத்தில் வேறுபடாமை.

ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிவிடலாம் என்பது மற்றொரு மறுப்பு. தவறான காட்சியை எழுப்பும் 'சுமை இழுப்பு' என்பதைவிட 'லோட் புல்' மேலானது என்பதில் ஐயமில்லை. அது விளக்காவிடினும் வழிதவறச் செய்வதில்லை. டெசிபெல், டிரான்சிஸ்டர் போன்றவை தமிழாகிவிட்ட சொற்கள். ஆயினும், கடன் பெறுவதால் தீர்வது பெயர்ச்சொல்லின் சிக்கல் மட்டுமே. வேற்றுமை உருபையும் வினைமுடிபையும் நிபந்தனையின் இடத்தையும் எம்மொழியிலிருந்தும் கடன் பெற இயலாது. இக்கட்டுரை சுட்டிய பிழைகளுள் பாதி அங்கேதான் நிகழ்கின்றன.

பொறியாளர் ஆங்கிலத்திலேயே பணியாற்றுவர். தமிழ் உரைநடையால் என்ன கேடு என்றும் வினவலாம். அவர்களுள் பலர் திறன், மின்தடை, உச்சத்திறன் தேற்றம் ஆகியவற்றை முதன்முதலில் அறிவது தமிழில்தான். நிபந்தனையற்ற வாக்கியமாக ஊன்றிய அறிவு, மொழி மாறியதும் தானே திருந்திவிடுவதில்லை.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் அறிவியல் கலைச்சொல்லுக்கு மூன்று சோதனைகளைப் பரிந்துரைக்கலாம். முதலாவது, அச்சொல்லை அலகில்லாத வாக்கியத்தில் இட்டு, அண்டைச் சொல்லோடு மயங்குகிறதா எனக் காணல். இரண்டாவது, ஆங்கிலச் சொல்லின் உருவகத்தை நீக்கிவிட்டு, அளப்பவர் கை என்ன செய்கிறது என வினவி, அச்செயலிலிருந்து சொல்லை அமைத்தல். மூன்றாவது, 'எதற்கு', 'எதனோடு', 'எந்நிலையில்' என்னும் வினாக்களுக்குரிய இடம் அச்சொல்லின் வாக்கியத்தில் திறந்திருக்கிறதா என நோக்கல்.

இச்சோதனைகளை நிகழ்த்த மொழியியலார் மட்டும் போதார். அளவீட்டு மேசையில் அமர்ந்தவரும் உடனிருத்தல் வேண்டும். டிரான்சிஸ்டருக்கு உகந்த சுமையைக் கணக்கால் ஊகித்து, அளந்து, திருத்தி அடைவதுபோலவே, துறைக்கு உகந்த சொல்லையும் வாக்கியத்தில் இட்டு, சோதித்து, திருத்தியே அடைய இயலும்.